வாயிலில் தமிழ், வைப்பறையில் ஆங்கிலம்

நாமக்கல்லில் முட்டைக்கு விலை கட்டப்படுகிறது. 1982-இல் தோன்றிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவின் நாமக்கல் பிரிவு ஒரு முட்டைக்கு இத்தனைக் காசு என்று அறிவித்தவுடன், பரமத்தி வேலூர்ப் பண்ணைக்காரரும் கேரள வணிகரும் சரக்குந்து உரிமையாளரும் அவ்விலையை வைத்தே தத்தம் கணக்கைப் போடுகின்றனர். தமிழ்மண்ணில், தமிழர் பண்ணையில் விளைந்த பொருளுக்குத் தமிழ் வழங்கும் ஊரிலேயே கட்டப்படும் விலை அது. ஆயினும் அவ்விலை இணையத்தில் ஏறும்போது என்ன ஆகிறது? இந்தியா முழுமைக்குமான ஓர் ஆங்கிலப் பட்டியலில், ஆங்கில எழுத்தில், பத்தோடு பதினொன்றாய் நாமக்கல் நிற்கிறது. இதழ்களும் வானொலியும் தமிழில் தருவது பின்னர் நடக்கும் வேலை. தன் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு அயலான் வீட்டில் பெயரிட்டு மீட்டுக் கொணர்வது போன்றதன்றோ இது?

இதுவரை இக்குறை உறைக்காமல் இருந்ததற்கு ஒரு கரணியம் உண்டு. பட்டியலைப் பார்த்தவன் மாந்தன். ஆங்கிலம் அறியாத பண்ணைக்காரரும் நாமக்கல் எத்தனையாவது வரியில் வரும் என்பதைக் கண்ணால் பழகி வைத்திருப்பார். ஐயமிருப்பின் பக்கத்துப் பண்ணையைக் கேட்டறிவார். இன்றோ அப்பட்டியலைப் படிக்க மாந்தனல்லாத இன்னொருவன் வந்துவிட்டான். மென்பொருள் ஏவலன் என்று அவனைச் சொல்லலாம்.

ஏவலன் என்றதும் இரும்பாற் செய்த பாவையை எண்ண வேண்டா. கணிப்பொறிக்குள் இயங்கும் நிரல்தான் அவன். பழைய நிரல், அழுத்திய விசைக்கு அளந்து வைத்த வேலையைச் செய்தது. ஏவலனோ வாய்ச்சொல்லாய் ஒரு வேலையைப் பெற்று, முடிக்கும் வழியைத் தானே வகுத்துக்கொண்டு, தளம் தளமாய்ச் சென்று, படித்து, ஒப்பிட்டு, படிவம் நிரப்பி, இசைவு பெற்றால் பணமும் செலுத்தி மீள்கிறான். 'இவ்வாரம் மஞ்சள் எங்கே கூடுதல் விலைக்குப் போயிற்று? அவ்வூருக்கு மூட்டைகளை ஏற்றிச் செல்ல வண்டிக்கூலி என்ன?' என்று இராசிபுரத்து உழவர் கேட்டால் விடை தேடிக் கொணர்வான். தேடுமிடத்தில் விடை இருந்தால்! இல்லாதவிடத்து, இருந்தது போலவே ஒன்றைப் புனைந்தும் உரைப்பான். அவனுக்குக் கண்பழக்கமும் இல்லை, பக்கத்துப் பண்ணையும் இல்லை. எழுத்தாய்ப் பதிந்து, ஒழுங்காய் அடுக்கி, திறந்து வைக்கப்பட்டிருப்பதையே அவன் பிழையின்றி எடுப்பான்.

இவ்வேவலர் நடமாடும் சாலைகள் இப்போதுதான் போடப்படுகின்றன. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்னும் அமெரிக்க நிறுவனம், ஏவலன் வெளித்தரவுக் கிடங்குகளோடும் கருவிகளோடும் இணைவதற்கான நெறிமுறை ஒன்றை வெளியிட்டது. 2025 ஏப்பிரலில் கூகுள் நிறுவனம், ஏவலனும் ஏவலனும் தம்முள் உரையாடுதற்கான இன்னொன்றை வெளியிட்டது. இவை எம்மொழிக்கும் தடை சொல்லவில்லை என்பது மெய்யே. ஆனால் சாலை போடும்போது வாய் திறவாத ஊர், போட்டு முடிந்தபின் சுற்றித்தான் போக வேண்டும். தமிழினம் முன்னரே ஒருமுறை அவ்வாறு சுற்றியிருக்கிறது, இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

1991-இல் உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் ஒருங்குறியின் முதற்பதிப்பு வெளிவந்தது. அதில் தமிழுக்குரிய மனையைத் தமிழர் அளக்கவில்லை. தில்லி அரசின் மின்னணுத்துறை வகுத்த 'இசுக்கி' என்னும் 1988-ஆம் ஆண்டுக் குறியேற்றத்தை அடிப்படையாய்க் கொண்டு, தேவநாகரிக்கு வெட்டிய அச்சிலேயே தமிழையும் வார்த்தனர். விளைவு என்ன? 128 இடங்கள் கொண்ட அம்மனையில் ககரத்தை அடுத்து மூன்று இடங்கள் வெறுமையாய்க் கிடக்கின்றன. தேவநாகரியில் அவ்விடத்தே இன்னும் மூன்று ககரங்கள் உள்ளனவாம். அதனால் தமிழுக்கு அங்கே பள்ளம்! மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் பிறக்கும் என்பது தொல்காப்பியம் முதலாகத் தமிழ் கண்ட முறை. ஒருங்குறியிலோ 'க' என்பது முதற்பொருள். அதன்மேல் புள்ளியை ஏற்றிய பின்னரே 'க்' உண்டாகிறது. தாய்க்கு முன் மகள் பிறந்தாள் என்பதை ஒத்த இலக்கணம் இது! னகரத்தை நகரத்தோடு ஒட்டி வைத்தனர். றகரத்தை ரகரத்தோடு ஒட்டினர். ழகரத்தை ளகரத்திற்குப் பின் தள்ளினர். தமிழ்ச்சொற்களை அகரமுதலி வரிசையில் அடுக்க இன்றும் தனியே ஓர் ஒழுங்கைக் கணிப்பொறிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதன் கூலியை ஏவலர் காலத்தில் தமிழர் எண்ணிக் கொடுக்கின்றனர். இணையத்தில் பெருவழக்காயுள்ள சேமிப்பு முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு போதும். தமிழ்க்குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு வேண்டும். 'தமிழ்' என்னும் மூன்றெழுத்துச் சொல் ஐந்து குறிகளாய் உடைந்து 15 பைட்டு இடத்தைக் கொள்கிறது. ஏவலருக்கு மூளையாயிருக்கும் மொழிப்பொறி அதனை மேலும் துண்டு துண்டாக்கிப் படிக்கிறது. அப்பொறியைப் பயிற்றிய நூல்களிற் பெரும்பங்கு ஆங்கிலமாதலால், ஆங்கிலம் சொல் சொல்லாகவும் தமிழ் சில்லுச் சில்லாகவும் உள்ளே போகின்றன. ஓப்பன் ஏஐ நிறுவனம் 2024 மே திங்களில் தானே வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். ஒரே வாழ்த்துரை, ஆங்கிலத்தில் 27 துண்டு. தமிழில் 116 துண்டு. புதிய பொறியில் அது ஆங்கிலத்திற்கு 24 என்றும் தமிழுக்கு 35 என்றும் சுருங்கியது. முன்னேற்றந்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் துண்டின் எண்ணிக்கையைக் கொண்டே இப்பொறிகளுக்குக் கட்டணம் பெறப்படுகிறது என்பதை மறத்தல் கூடாது. ஒரே பேருந்தில் ஒரே ஊருக்குச் செல்லும் இருவரில் தமிழ் பேசுவோனுக்கு மட்டும் கூடுதல் கட்டணம் வாங்கினால் தெருவில் எத்தனை பேர் திரள்வர்! இங்கே நாள்தோறும் அது நடக்கிறது. எவரும் ஏனென்று கேட்டிலர்.

கேட்டதே இல்லை என்பதும் முறையாகாது. 2010-இல், கிரந்தத்திற்கென ஒருங்குறியில் தனிமனை ஒதுக்க எழுந்த முன்மொழிவு, எ, ஒ, ழ, ற, ன என்னும் தமிழெழுத்து ஐந்தையும் அதனுள் இழுக்க முனைந்தபோது தமிழறிஞரும் தமிழியக்கங்களும் பொங்கியெழுந்தனர். தமிழ்நாட்டரசும் நடுவணரசுக்கு எழுதியது. 2014-இல் வெளிவந்த கிரந்த மனையில் அவ்வைந்தும் இடம்பெறவில்லை. எதிர்ப்பு வென்றது. அவ்வெற்றிக்குப் பின் என்ன செய்யப்பட்டது? வேலி காத்த கைகள் வேலிக்குள் பயிர் வைத்தனவா? ஒருங்குறியையும் தமிழ் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் தரமாக ஏற்று அதே 2010-இல் தமிழ்நாட்டரசு ஆணையிட்டது. ஆணைக்குப் பின்னும் பல்லாண்டுகள் அலுவலகங்கள் பழைய எழுத்துருக்களிலேயே தட்டெழுதிக் குவித்தன. தாளில் அச்சிட்டால் அவை அழகிய தமிழ். கணிப்பொறியின் உள்ளேயோ பொருளற்ற உரோமன் எழுத்துக் குப்பை. இன்னும் சில, தாளை ஒளிப்படம் எடுத்து ஏற்றியவை. மாந்தன் கண்ணுக்கு எழுத்து. பொறிக்கு வெறும் படம். குறைகள் எத்தனை இருப்பினும் ஒருங்குறியே இன்று உலகப் பொதுவழி. அதில் ஏறாத தமிழ், அலமாரியில் பூட்டிய தமிழே.

மொழிபெயர்ப்புப் பொறி வந்துவிட்டதே, இனி ஏன் கவலை என்று கேட்போர் உளர். நடுவணரசு 2022-இல் தொடங்கிய 'பாசினி' திட்டம் இதைத்தான் சொல்கிறது: எம்மொழியிற் பேசினாலும் பொறி மாற்றித் தரும். அத்திட்டத்திற்கான தரவைத் திரட்டியதில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வுக்குழுவிற்குப் பெரும்பங்குண்டு. அவ்வுழைப்பைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் மொழிபெயர்ப்பு ஒன்றையே மருந்தாய்க் கொள்வதில் ஒரு பெருங்கண்ணி உள்ளது. உழவர் தமிழில் கேட்பார், பொறி ஆங்கிலமாக்கும், ஆங்கிலக் கிடங்கில் தேடும், ஆங்கிலத்தில் கிடைத்ததைத் தமிழாக்கித் தரும். வாயிலில் தமிழ்த் தோரணம். வைப்பறை முழுதும் ஆங்கிலம். தமிழ் அங்கே மொழியன்று, திரைச்சீலை.

நாமகிரிப்பேட்டை மஞ்சள் ஏலத்திற்குப் போய் நின்றால் இக்கண்ணி தெளிவாய்த் தெரியும். அங்கே மஞ்சள் ஒன்றன்று, மூன்று: விரலி, உருண்டை, பனங்காளி. மூன்றுக்கும் மூன்று விலை. திருச்செங்கோட்டுப் பருத்தி ஏலத்தில் தாழ்ந்த தரத்திற்குக் 'கொட்டு' என்று பெயர். இவை அகராதி எழுதியோர் படைத்த சொற்களல்ல. களத்தில் காய்ந்து, மூட்டையில் ஏறி, தலைமுறைகளாய் நிலைத்தவை. மொழிபெயர்ப்புப் பொறியிடம் 'விரலி' என்றால் கைவிரலைக் காட்டக்கூடும். 'கொட்டு' என்றால் தேளைக் காட்டுமோ பறையைக் காட்டுமோ யார் கண்டது? பனங்காளிக்கு எங்கே போகும்? பனைமரத்திற்கும் காளிக்கும் நடுவே அலையும்! நகைப்பதற்குச் சொன்னதன்று. விரலிக்குரிய விலையை உருண்டைக்குரியதாய் ஏவலன் மாற்றிச் சொன்னால் நட்டம் உழவர் தலையில் விழும். பொறி செய்தவன் தலையில் விழாது. அச்சொற்களையே தலைப்பாய் இட்டு, விலையை அவற்றின்கீழ்த் தமிழிலேயே பதிந்து வைத்தால், மொழிபெயர்க்க வேண்டிய தேவையே எழாது. நடுவணரசின் மின்சந்தை 2016 ஏப்பிரல் 14-இல் தொடங்கியது. 'இ-நாம்' என்பது அதன் பெயர். தமிழன் அதைப் படித்தால் 'நாம்' என்றே படிப்பான். அதுவோ ஓர் ஆங்கிலத் தொடரின் தலையெழுத்துகள்! தமிழும் அதில் ஒரு மொழியாய் உண்டு. திறக்கும் கதவாய் உண்டு.

கதவும் எல்லா வேளையும் முதலில் தமிழருக்குத் திறப்பதில்லை. 2023 செப்டம்பரில், கைப்பேசியிடம் வாயால் சொல்லிப் பணம் செலுத்தும் 'அலோ யூபிஐ' முறை அறிவிக்கப்பட்டது. முதலில் இந்தியும் ஆங்கிலமும். 'வட்டார மொழிகள்' விரைவில் என்றனர். எந்த வட்டாரத்தின் மொழி இந்தி என்று கேட்பாரில்லை! அதே திங்களில் வந்த 'கிசான் இ-மித்ரா' என்னும் உழவர் விடையளிப்பு ஏவலனில் தொடக்கத்திலேயே தமிழும் இருந்தது. அதைச் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. ஆனால் பெயர்? உழவனுக்கு உதவ வந்த பொறியின் பெயரில் உழவனும் இல்லை, தோழனும் இல்லை. தமிழ்நாட்டரசு 2018-இல் வெளியிட்ட செயலிக்கு 'உழவன்' என்று பெயரிட முடிந்ததே! தமிழ்ப்பெயரிட்டதால் அது இயங்காமற் போயிற்றா?

இன்னுமொன்று. அரசுத் தளங்கள் பலவற்றில் நுழையும்போது, வளைத்தும் நெளித்தும் எழுதிய ஆங்கில எழுத்துகளைக் காட்டி, அவற்றைத் திருப்பித் தட்டெழுதச் சொல்கின்றனர். வந்திருப்பது பொறியன்று, மாந்தனே என்று மெய்ப்பிக்க வைத்த தேர்வு அது. ஓமலூரில் தமிழ் மட்டும் கற்ற முதியவர் தம் நிலத்தின் பட்டாவைப் பார்க்க வருகிறார். தாம் மாந்தர் என்பதை மெய்ப்பிக்க அவருக்கு ஆங்கில எழுத்து தெரிந்திருக்க வேண்டும்! ஏவலனோ இன்று அவ்வெழுத்தை எளிதில் படித்துவிடுகிறான். பொறியைத் தடுக்க வைத்த வேலி பொறியை விட்டுவிட்டுத் தமிழனைத் தடுக்கிறது. இதைவிட இழிவான வாயில் உலகில் வேறு எங்குண்டு?

முடியாத ஒன்றையா கேட்கிறோர் என்று ஆட்சியாளர் சொல்லமுடியாது. தமிழ்நாட்டின் பட்டாவும் சிட்டாவும் தமிழில் உள்ளன. உரியவர் பெயரும் ஊர்ப்பெயரும் நன்செய், புன்செய் என்னும் வகையும் தமிழிலேயே கணிப்பொறியில் ஏறியுள்ளன. ஆக, அடித்தளத்தைத் தமிழில் கட்டும் கைத்திறம் இவ்வரசுக்கு உண்டு. ஒரு துறையில் முடிந்தது மறுதுறையில் முடியாமற்போவது எதனால்? ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்வோர் உண்மை காண்பர். திருச்செங்கோடு தமிழில் ஒன்றே. ஆங்கிலத்தில் எழுதப் புகுந்தால் எழுதும் கைக்கொரு திருச்செங்கோடு: தொடக்கத்தில் எச் வரும், வராது; முடிவில் ஒருவர் ஈ இடுவார், மற்றொருவர் யூ இடுவார். மாந்தன் இவை ஓரூர் என்று கண்டுகொள்வான். ஏவலன் மூன்று ஊர் என்று முடிவு கட்டுவான். 2020 சூனில் தமிழ்நாட்டரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிக்கேற்ப மாற்றி ஆணை வெளியிட்டு, சில நாளிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆங்கில எழுத்தைத் திருத்த இத்தனைப் பாடு பட்டவர்கள், தமிழ்ப்பெயரையே முதற்பெயராய் வைத்து, ஊருக்கோர் எண்ணும் கொடுத்து, எல்லாத் துறையும் எல்லாப் பொறியும் எடுத்தாளும் ஒரே பட்டியலாய்த் திறந்து வைத்திருந்தால், கூட்டற் சண்டையே எழுந்திராது.

சொல்லாக்கத்திலும் இதே நிலைதான். சேலம் நகராட்சிக் கல்லூரியில் 1944 முதல் 1956 வரை தமிழ் பயிற்றிய மொழிஞாயிறு பாவாணர், 1974-இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் முதல் இயக்குநரானார். அவ்வியக்ககம் இன்று 'சொற்குவை' என்னும் பெயரில் கலைச்சொற்களை இணையத்தில் திரட்டித் தருகிறது. தேடிப் படிக்கும் மாந்தனுக்கு மட்டுமன்றி, மொத்தமாய் எடுத்துப் பயிலும் பொறிக்கும் அக்குவை கட்டணமின்றித் திறந்திருக்க வேண்டும். இல்லையேல் நாளை ஏவலன் பேசும் தமிழ், பாவாணர் களைந்த களைகள் அனைத்தும் மீண்டும் முளைத்த தமிழாகவே இருக்கும். பொறி தான் தின்றதைத்தான் கக்கும்.

அரசு செய்யாததைத் தொண்டர் செய்து காட்டிய துறைகளும் உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், கூலியின்றித் தட்டெழுதிய பல நாட்டுத் தமிழரின் கைகளால் பழந்தமிழ் நூல்களை எழுத்தாக்கி வைத்தது, படமாயன்று, எழுத்தாய். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், ஈழத்தமிழர் 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டமும் அவ்வாறே எழுந்தவை. இன்று எந்தப் பொறிக்கேனும் ஓரளவு தமிழ் தெரிகிறதென்றால் இத்தகையோர் இட்ட சோறுதான். தனியரசு இல்லாத கட்டலானியர் தம் மொழிக்கும் பண்பாட்டுக்குமென ஓர் இணைய மேற்களப்பெயரை 2005-இலேயே இசைவு பெற்றனர். பாசுக்கியரும் வேல்சு மக்களும் 2014-இல் பெற்றனர். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் மூன்றும் தத்தம் நாட்டுப்பெயரைத் தமிழெழுத்தில் களப்பெயராய்ப் பெற்றுள்ளன. 'தமிழ்' என்னும் சொல்லே முடிவாய் நிற்கும் களப்பெயர் இல்லை.

சேலத்துச் சவ்வரிசி ஆலைக்காரர் 1981-இல் என்ன செய்தனர் என்பதை நினைத்துப் பார்த்தல் நன்று. மரவள்ளி இம்மண்ணினது, ஆலை இம்மண்ணினது, ஆனால் சிறு ஆலைக்காரரிடம் சரக்கை வைத்துக் காக்கக் கிடங்கில்லை, விலை சொல்லும் வாய் இடைத்தரகருடையதாயிருந்தது. கூடி ஒரு கூட்டுறவுக் கழகம் கண்டனர். சேகோசர்வ் என்று இன்று வழங்குவது அது. சரக்குக்குப் பொதுக்கிடங்கும் வெளிப்படையான விற்பனையும் வந்தன. இன்று வேண்டுவதும் அத்தகைய பொதுக்கிடங்கே, அரிசிக்கன்று, தரவுக்கு. முட்டை விலையும், மஞ்சள் விலையும், பருத்தி விலையும், சரக்குந்துக் கூலியும் அவ்வத் தொழிலோர் வழங்கும் தமிழ்ச்சொல்லாலேயே தலைப்பிட்டு, நாளும் ஊரும் அளவும் குறித்து, மாந்தனும் ஏவலனும் ஒருங்கே படிக்கத் திறந்து வைத்த கிடங்கு. அதனை அமெரிக்க நிறுவனம் கட்டித் தராது. தில்லியும் கட்டித் தராது. கட்டியபின் ஆங்கிலம் வேண்டுவோர் மொழிபெயர்த்துக்கொள்ளட்டும்; அவ்வேலையை இம்முறை அவர்கள் பார்க்கட்டும்.

நாமகிரிப்பேட்டையில் ஏலம் முடிந்தவுடன் விரலிக்கும் உருண்டைக்கும் பனங்காளிக்கும் போன விலையைக் கணக்கர் எப்படியும் எழுதத்தான் போகிறார். அதனை ஒருங்குறித் தமிழில் மூன்று வரியாய்த் தட்டெழுதி அன்றன்றே வெளியிட அரை நாழிகை போதும். அதற்கு அரசாணை வேண்டியதில்லை. கூட்டுறவுக் கழகத்தின் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் வேண்டும்.